பஸ்ஸுக்கு ஒரு விமான எண்

ஜனவரி 6

இன்று முதல் எங்களுக்குக் கூட்டாளி வந்தாயிற்று. சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேக், ஒரு பேனர், ஒரு சுற்றறிக்கை. கேக் நசுங்கி வந்தது. பேனரில் பாரஸ் ஏர்வேஸ் என்று கொட்டை எழுத்து. எங்கள் தாமிரா ஏர் கீழே மூலையில், கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் போடுவார்களே, அந்த அளவில். அவர்கள் உலகத்தில் எண்பது ஊருக்குப் பறக்கிறார்கள். நாங்கள் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு, சாயங்காலம் ஒரு தடவை.

கவுண்டரில் இருக்கும் செல்வக்கனிக்குக் கூட்டணி என்றால் என்ன என்று விளக்கினேன். "அவங்க டிக்கெட்டு வாங்கினவங்கள நாம சென்னை வரைக்கும் கொண்டு விடணும். அங்கேயிருந்து அவங்க பெரிய பிளேன்ல ஏத்திக்கிடுவாங்க. டிக்கெட்டு ஒண்ணுதான். பெட்டிய இங்கன போட்டா ராட்டர்டாம்ல எடுத்துக்கிடலாம்."

"அப்போ நாம ஷேர் ஆட்டோவாக்கா?" என்றாள்.

வாயாடி. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில்தான் விஷம். எழுபத்திரண்டு இருக்கையில் சராசரியாக முப்பதுதான் நிரம்புகிறதாம். மார்ச் முடிவதற்குள் அறுபதைத் தொடாவிட்டால் தூத்துக்குடி விமானம் நிறுத்தம். என் கீழே வேலை பார்க்கும் இந்தப் பிள்ளைகள் நாலு பேருக்கும் வேலை போகும். நிலைய மேலாளர் எஸ்கலின் மச்சாதுவுக்கு, அதாவது எனக்கு, சென்னையில் பதவி உயர்வு தருகிறார்களாம். யாருக்கு வேண்டும் அது!

கஸ்பார் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வாரம் ஆகிறது. மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வீட்டில் இரண்டே பேர். இன்றும் இருபத்தைந்து பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். கப்பல் சமையல்காரரைக் கட்டினால் இதுதான் கதி. மனுஷனுக்கு அளவு என்பதே மறந்து போயிற்று.

ஜனவரி 9

பாரஸ் டிக்கெட்டோடு முதல் பயணி வந்தார். தொம்மை ஐயா, எழுபத்தைந்து வயது. டப்ளினில் நர்ஸாக இருக்கும் மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். கண்ணாடி வழியாக எங்கள் விமானத்தைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் மக அனுப்பின போட்டோல மாடி வச்ச பிளேன்லா இருந்துச்சு? இதென்னம்மா, மிக்ஸி கணக்கா முன்னால பிளேடு தொங்குது?"

"ஐயா, இது சென்னை வரைக்கும்தான். பெரியது அங்கன நிக்குது."

"அப்போ அது வரட்டும். நான் இங்கனயே இருக்கேன்."

மேலே சொன்னேன், கீழே சொன்னேன், அசையவில்லை. கடைசியில் பெட்டி ஏற்றும் லூர்து வந்து, "பெரியவரே, பெரிய பிளேன்ல எஞ்சின் மூடிக்கிடக்கும். சுத்துதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? இது கண்ணுக்கு முன்னால சுத்தும்லா" என்றான். பெரியவர் யோசித்தார். பிறகு எழுந்து, பிளேடு தெரிகிற ஜன்னலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜனவரி 17

இன்று விமானத்தில் அடிதடி நடக்காதது மாதா புண்ணியம்.

ஒப்பந்தப்படி ஒரே விமானத்துக்கு இரண்டு எண், எங்களுடையது ஒன்று, பாரஸுடையது ஒன்று. பாரஸ் எண்ணில் டிக்கெட் எடுத்தவருக்குக் கேக்கும் ஜூஸும். எங்கள் எண்ணில் எடுத்தவருக்குத் தண்ணீர். ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. இதைக் கண்டுபிடித்தவன் ஒரு கல்யாண வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டான். மரக்கடை முதலாளி ஒருவர் எழுந்து, "ஒரே பந்தியில ரெண்டு இலையாம்மா? கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதியளா?" என்று கத்தியிருக்கிறார். கேக் கிடைத்தவர்களும் மரியாதைக்காகச் சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எங்கள் ஜனங்கள் பசியைப் பொறுப்பார்கள், பந்தி வஞ்சனையைப் பொறுக்க மாட்டார்கள்.

இன்னொரு ஜோடி. புருஷனுக்கு எங்கள் எண், பெண்சாதிக்குப் பாரஸ் எண். அவளுக்கு முப்பது கிலோ, அவருக்குப் பதினைந்து. "உன் பெட்டியில என் வேட்டி ரெண்ட வச்சுக்கட்டி" என்று அவர் கெஞ்ச, "உம்ம அக்காகிட்ட குடும்" என்று அவள் சொல்ல, கவுண்டரில் பத்து வருஷக் குடும்ப வழக்கு ஓடியது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். 'ஒப்பந்தம் ஒப்பந்தமே' என்று பதில் வந்தது. சாப்பிடும்போது இதைக் கஸ்பாரிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஜனவரி 18

அடுப்பங்கரையில் எழுபத்திரண்டு பொட்டலம். தேங்காய் கேக்.

ஜனவரி 21

விமானத்துக்குள் கொடுத்தால் விதிமீறல். முனையத்துக்குள் கொடுத்தாலும் விதிமீறல். வாசலுக்கு வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கப்பல் சமையல்காரர் தன் சொந்த ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தால் எந்த விதியும் இல்லை. நான் பார்த்துவிட்டேன், விதிப் புத்தகம் முழுக்கப் பார்த்துவிட்டேன்.

ஊரில் இப்போது எங்கள் விமானத்துக்கு 'கேக்கு பிளேன்' என்று பெயராம். அவருக்கு ஒரே பெருமை. வெங்காயம் உரிக்கும்போது விசிலடிக்கிறார். தலைவலி.

ஜனவரி 30

சராசரி நாற்பத்து நாலு!

எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தேன். எல்லாம் நம் கப்பல்காரப் பையன்கள்தான். இதுவரை ரயிலில் சென்னை போய், லாட்ஜில் ஒரு ராத்திரி கிடந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையம் போனவர்கள். இப்போது உலகத்தில் எந்த மூலையில் கம்ப்யூட்டரில் தட்டினாலும் பாரஸ் பட்டியலில் தூத்துக்குடி என்று ஓர் ஊர் வருகிறது. ஹாம்பர்க்கில் இருக்கிற கப்பல் கம்பெனிக்காரன் அதையே அழுத்திவிடுகிறான். எங்களைத் தேடி யாரும் வரவில்லை, கூட்டாளியைத் தேடி வருகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போகிறார்கள். வந்தால் சரி.

பாரஸிலிருந்து ஓர் அதிகாரியும் வந்து இறங்கியிருக்கிறார். நிரஞ்சன், சென்னைப் பையன், முப்பது வயது இருக்கும். பயணிகள் எண்ணிக்கையை ஆய்வு செய்யவாம். 'மேடம்' 'மேடம்' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். நல்ல வளர்ப்பு.

பிப்ரவரி 2

ஞாயிறு. பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நிரஞ்சனை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தேன். எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் கப்பல்காரர்கள், யார் எந்த மாசம் கப்பல் ஏறுவார்கள், எந்த ஏஜெண்ட் எந்தக் கம்பெனி, எல்லாம் சொன்னேன். அவன் போனில் குறித்துக்கொண்டே வந்தான். இவ்வளவு அக்கறையாக என் பேச்சை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கஸ்பார் சீலா மீன் குழம்பு வைத்திருந்தார், வழக்கம்போல் இருபத்தைந்து பேருக்கு. பையன் மூன்று தடவை சோறு வாங்கினான்.

"மேடம், உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊர் மார்க்கெட் எங்க கம்பெனில யாருக்கும் தெரியாது" என்றான்.

"அதை எழுத்தில கொடுங்க தம்பி" என்றேன்.

"கண்டிப்பா ரிப்போர்ட்ல வரும் மேடம்."

அவன் போன பிறகு கஸ்பார், "ரொம்ப விசாரிக்கான்ட்டி அந்தப் பையன்" என்றார். சமையல் செய்கிறவருக்கு வியாபாரம் என்ன தெரியும்.

பிப்ரவரி 11

நிரஞ்சன் இன்று கேட்ட கேள்வி: "மேடம், இங்கேருந்து மதுரைக்கு பஸ்ல எவ்ளோ நேரம் ஆகும்?"

விமானக் கம்பெனி அதிகாரிக்கு பஸ் நேரம் எதற்கு? எனக்குப் புரிந்துவிட்டது. செல்வக்கனியின் தாய்மாமா வீடு மதுரை. பையன் கண் அவள்மேல். கவுண்டர் பக்கமாகவே சுற்றுகிறான். மூன்று மணி நேரம் என்றேன், நல்ல பஸ் என்றால் இன்னும் சீக்கிரம் என்றேன், ரோடு அருமை என்றும் சொல்லிவைத்தேன். நல்ல காரியத்துக்கு நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

பிப்ரவரி 16

கஸ்பார் இந்த வியாழக்கிழமை போக வேண்டியது. கம்பெனியிலிருந்து போன்: கப்பல் இன்னும் வரவில்லை, ஏப்ரல் முதல் வாரம் பார்க்கலாம் என்று. இன்னும் ஒன்றரை மாசம் இந்த ஆர்ப்பாட்டத்தைச் சகிக்க வேண்டும். மிளகாய்ப் பொடி டப்பாவை வேறு இடம் மாற்றிவிட்டார். இன்று ஒரு மணி நேரம் தேடினேன். (எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தோஷம் என்று செல்வக்கனி சொல்வது பொய்.)

அவள் சும்மா இருக்க மாட்டாள். "அக்காவுக்கென்ன, அண்ணன் போறப்ப படிக்கட்டு வரைக்கும் போயி நிப்பீங்க. மத்தவங்க பொண்டாட்டியெல்லாம் வேலிக்கு வெளியே நின்னு எந்த ஜன்னல்னு தெரியாம எல்லா ஜன்னலுக்கும் கையாட்டுதாவ" என்றாள்.

இதை எழுதிவைக்கிறேன், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. விமானப் படிக்கட்டின் கீழே நிற்பது நிலைய மேலாளரின் கடமை. எல்லா விமானத்துக்கும் நிற்கிறேன். பயணிகள் ஏறி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். கஸ்பார் போகும்போதும் அந்தப் பத்து நிமிஷம் நிற்கிறேன், அவர் கடைசி ஆளாக ஏறுவார், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

"எல்லாப் பயணிக்கும் சட்டைப் பொத்தான் போட்டு விடுவீங்களாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு நாளைக்குக் காலை ஷிப்ட் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 25

அறுபத்தொன்று!!

லூர்து வெடி வாங்கி வந்துவிட்டான். விமான நிலையத்தில் வெடியா என்று பாதுகாப்புக்காரர்கள் அவனை ஒரு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தார்கள். நான் போய்க் கையெழுத்துப் போட்டு மீட்டு வந்தேன். அந்தச் சமயத்திலும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 4

செல்வக்கனி சொன்னாள்: நிரஞ்சன் அவளை பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டச் சொல்லிக் கூட்டிப் போய், அங்கே ஒரு டேப்பின் முனையை அவள் கையில் கொடுத்துத் தரையை அளந்தானாம்.

"தரையவா?"

"ஆமாக்கா. பஸ்ஸு நிக்கிற இடத்த. நீளம் பன்னெண்டு மீட்டர்னு எழுதிக்கிட்டாரு."

கூச்சப்படுகிற பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இப்படித்தான் எதையாவது செய்வார்கள். கஸ்பார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்தார்.

மார்ச் 10

அறுபத்தாறு. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு. விமானம் நிற்காது! நாலு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். லூர்து என் காலில் விழப் போனான், திட்டி அனுப்பினேன். கண்ணில் தூசி.

கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் போனில் முனகினார், பாரஸ் டிக்கெட்டில் நமக்கு வரும் பங்கு சுண்டைக்காய் என்று. கணக்குப் பிரிவு என்றைக்குச் சிரித்திருக்கிறது?

மார்ச் 13

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஏப்ரலுக்கான பட்டியல் வந்திருந்தது. எங்கள் விமானத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே பாரஸ் எண், 7731. புறப்படும் இடம் தூத்துக்குடி. சேரும் இடம் மதுரை விமான நிலையம். பயண நேரம் மூன்று மணி. விமான வகை என்ற கட்டத்தில் 'பஸ்' என்று போட்டிருக்கிறது.

நான்கு தடவை படித்தேன். பஸ். நாற்பத்தைந்து இருக்கை. பஸ்ஸுக்கு விமான எண்.

மார்ச் 14

நிரஞ்சனுக்குப் போன் போட்டேன். "ஏன் தம்பி, எங்க வீட்டுச் சீலாக் குழம்பத் தின்னுட்டு எங்க அடிமடியிலயே கை வச்சிட்டீங்களே!"

"மேடம், கோவப்படாதீங்க. இந்த ஊர்ல இவ்ளோ பேர் வெளிநாடு போறாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கதான் காட்டினீங்க. இவ்ளோ பேர் இருந்தா நாங்களே மதுரைக்கு நேரா ஒரு பிளேன் விட்டுடலாமே? இங்கேருந்து ஒரு பஸ் போதும். சென்னையும் வேண்டாம், உங்களுக்குப் பங்கும் வேண்டாம்."

"அப்போ கூட்டணி?"

"அது தொடரும் மேடம். மத்த ஊர்ல." அதோடு, "உங்க பேரை ரிப்போர்ட்ல போட்டிருக்கேன் மேடம். நன்றிப் பக்கத்துல."

விமானத்தை நிரப்பு நிரப்பு என்றார்கள். நிரப்பினேன். நிரம்பியதாலேயே போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல.

டேப் விஷயமும் புரிந்தது. அவனை அவளோடு முடிச்சுப் போட்டதற்குச் செல்வக்கனியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்க்கா, நீங்க சந்தோஷமா இருந்தீங்க, அதான் சொல்லல" என்றாள்.

மார்ச் 21

இருபத்தொரு பேர். பஸ் அதற்குள் இலவசமாக ஓட ஆரம்பித்துவிட்டது, வெள்ளோட்டமாம். போகிற பையன்கள் வீட்டுக்கு வந்து, "எஸ்கலின் அக்கா, கம்பெனி போடுற டிக்கெட்டு, நாங்க என்ன செய்ய" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தலைமை அலுவலகமும் எழுதிவிட்டது: மார்ச் 29-ஓடு தூத்துக்குடி விமானம் நிறுத்தம்.

கஸ்பார் இன்னும் எழுபத்திரண்டு பொட்டலம்தான் செய்கிறார். குறைக்கச் சொன்னேன். அடுத்த தேங்காயை உடைத்தார்.

மார்ச் 29

கடைசி விமானம். ஒன்பது பேர். படிக்கட்டின் கீழே நின்றேன். விமானம் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 31

கஸ்பாருக்குத் தேதி வந்துவிட்டது. ஏப்ரல் 3. பாரஸ் டிக்கெட். பிப்ரவரியிலேயே போயிருந்தால் என் விமானத்தில் போயிருப்பார்.

சொல்லிவிடுகிறேன், இந்த நோட்டில் என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு விமானமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். அந்தப் பத்து நிமிஷம்தான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மூன்று மாசம் பேயாய் அலைந்தேன்.

மத்தியானம் நிரஞ்சன் வந்தான், கையில் இனிப்புப் பெட்டியோடு. பஸ்ஸுக்கு ஊரில் ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். நான் வந்தால் செல்வக்கனியையும் லூர்துவையும் மற்ற இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களாம்.

"இருபது வருஷம் பிளேன் அனுப்பினவ பஸ் ஸ்டாண்டுல நின்னு 'மதுர, மதுர'ன்னு கூவணுமாக்கும்?" என்று அவனை வாசல் வரை துரத்தினேன்.

கஸ்பார் அடுப்பிலிருந்து திரும்பாமல், "கூவுறதுக்கு என்னட்டி, உனக்குத் தொண்டை இருக்குல்லா" என்றார்.

ஏப்ரல் 1

பொறுப்பாளரின் வேலைகள் என்று நிரஞ்சன் விட்டுப் போன தாளைச் சும்மா புரட்டினேன். பெட்டிகளைக் கணக்குப் பார்த்து மதுரையில் ஒப்படைக்க ஓர் ஊழியர் தினமும் பஸ்ஸிலேயே உடன் செல்ல வேண்டும் என்று இருக்கிறது.

சம்மதம் சொல்லிவிட்டேன். நாலு பேர் பிழைப்பைப் பார்க்க வேண்டுமல்லவா.

ஏப்ரல் 3

பஸ் நல்ல பஸ்தான். இருக்கை எண், பெல்ட், போர்வை எல்லாம் உண்டு. பக்கத்தில் 'திருச்செந்தூர், திருச்செந்தூர்' என்று ஒருவன் கத்த, நான் வாக்கிடாக்கியில் '7731 போர்டிங்' என்று சொல்ல, ஒரு ஆடு எங்கள் வாசற்படியில் ஏறப் பார்த்தது. லூர்து அதற்கு போர்டிங் பாஸ் கேட்டான்.

பயணிகள் இருபத்திரண்டு. கஸ்பார் கடைசி ஆளாக ஏறினார், பழக்கதோஷம். அவர் பக்கத்து இருக்கை காலி, நான் உட்கார வேண்டியதுதான். கதவைச் சாத்தச் சொல்லத் திரும்பினேன். கீழே வழியனுப்ப வந்த பெண்டுகள் நின்றார்கள். மெட்டில்டா கைப்பிள்ளையைத் தூக்கிக் கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, "அப்பா எங்கன? அப்பா எங்கன பாரு" என்று காட்டுகிறாள். அவள் புருஷன் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏறுங்கட்டி எல்லாரும்" என்றேன்.

"டிக்கெட்டுக்கா?"

"பாதி பஸ்ஸு காலியாக் கிடக்கு. ஆளுக்கு ஒருத்தர் ஏறுங்க. மதுர வரைக்கும் போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரலாம். ஏறுங்கன்னு சொல்லுதேன்லா!"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதவு சாத்தப்பட்டது.

பத்து நிமிஷத்தில் பேச வேண்டியதை எட்டயபுரம் வருவதற்குள் பேசித் தீர்த்துவிட்டோம். கேஸ் புக்கிங், மகன் பரீட்சை, பிரஷர் மாத்திரை, மிளகாய்ப் பொடி டப்பா. அதற்கப்புறம் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் பழக்கமில்லையே. பந்தல்குடி தாண்டியதும் அவர் என் கையைப் பிடித்தார். யூனிபார்மில் இருக்கிறேன் என்றேன். "பஸ்ஸுல யாருட்டி பாக்கா" என்றார். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் ஆளோடு இருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. படிக்கட்டின் கீழே நிற்கும்போது அழ முடியாது, சுற்றி ஆட்கள் இருப்பார்கள், வாக்கிடாக்கி கத்திக்கொண்டே இருக்கும். இன்று அருப்புக்கோட்டை முழுக்க அழுதேன். அவர் தேங்காய் கேக்கை எடுத்துக் கையில் கொடுத்தார். அழுதுகொண்டே தின்றேன்.

மதுரையில் பெட்டிகளை ஒப்படைத்தேன். இருபத்திரண்டு பேரும் உள்ளே போனார்கள். வாசலில் கஸ்பார் நின்றார், மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன், போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் நிரஞ்சன் போன் செய்தான். பஸ்ஸில் கேமரா வைத்திருக்கிறார்களாம். சொல்லவே இல்லை, படுபாவி.

"மேடம், இருபத்திரண்டு டிக்கெட்தான் போட்டிருக்கு. ஆனா பஸ்ஸுல நாற்பத்து நாலு சீட் நிறைஞ்சு, ஏறக்குறைய ஃபுல்லா காட்டுதே!"

"ஃபுல்லாகணும்னுதானே தம்பி நீங்களும் ஆசப்பட்டீங்க?"

"அது சரி மேடம்... மதுரைல பிளேன் ஏறினது இருபத்திரண்டுதானே? மீதிப் பேர் எங்க?"

பின்னால் மெட்டில்டாவின் பிள்ளை சத்தமாக அழுதுகொண்டிருந்தது. யாரோ பாட்டுப் பாடி அமர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"மீதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருக்கோம் தம்பி" என்றேன்.